சாம்பிள் காடு

கண்ணுகளா, சாமியாத்தாள் நாற்பத்தேழு வயது வரைக்கும் யாரைப் பார்த்தும் வயிறு எரியாதவள் என்று பெயர் எடுத்தவள். பக்கத்து வீட்டில் மாடி எழும்பியபோது எரியவில்லை. நாத்தனார் மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை அமைந்தபோதும் எரியவில்லை. அப்படிப்பட்டவளை, அவள் நேரில் பார்த்தே இராத ஒரு பறவை, இரண்டே மாதத்தில் இன்னொருவர் காலில் அட்டை கடித்த தழும்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவளாக ஆக்கிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஆனால் அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பாவம், அவள் தன் வேலையைத்தான் பார்த்தாள்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. பெயர் சொன்னால் நோட்டீஸ் அனுப்புவார்கள், அதனால் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். சாமியாத்தாள் அங்கே செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, ஓட்டையோ கறையோ தையல் விட்ட இடமோ தெரிந்தால் அதன்மேல் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் பாஸ் அடுக்கில் வைக்க வேண்டும். மேசைக்கு எதிர்ப்பக்கம் விஜயராணி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பதினோரு வருடமாக இருவருக்கும் ஒரே மேசை, ஒரே டியூப் லைட், மதியத்துக்கு ஒரே கருவாட்டுக் குழம்பு.

மேசைக்கு மேலே சுவரில் கம்பெனியே எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு. ‘பார்க்காமல் பாஸ் போடாதே.’ அதன் கீழே, ஓடுகிற ஆர்டரின் சாம்பிள் சட்டை தொங்கும். பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர், பார்த்து முத்திரை வைத்து அனுப்பிய சட்டை. உலகத்தில் எது சரி, எது தப்பு என்று யாராவது கேட்டால் அந்த மேசையில் அந்தச் சட்டையைத்தான் காட்டுவார்கள்.

மாசி மாதம் குழந்தைகள் சட்டை ஆர்டர் ஒன்று ஓடியது. பச்சைத் துணி, நெஞ்சில் பெரிதாக ஓர் இருவாச்சிப் பறவை. மஞ்சள் அலகு, அலகின் மேல் படகைக் கவிழ்த்த மாதிரி ஒரு கொண்டை, சிவப்புக் கண், கண்ணுக்கு மேல் மை எழுதியது போல இமை முடி. பறவைக்கு ஏது இமை முடி என்று விஜயராணி கேட்டதற்கு, சாம்பிளில் இருக்கிறதே என்றாள் சாமியாத்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

நான்காம் நாள் அவள் கையில் ஒரு சட்டை நின்றது. அதிலிருந்த பறவைக்குக் கண் வெள்ளையாக இருந்தது. சாம்பிளைப் பார்த்தாள். சிவப்பு. பிரிண்டிங்கில் சிவப்பு மை விழவில்லை என்று அம்பு ஒட்டினாள். அடுத்ததும் வெள்ளை, அதற்கு அடுத்ததும் வெள்ளை. அந்த லாட்டுச் சரக்கு முழுவதையும் திருப்பிப் போட்டுப் பார்த்ததில் ஆறாயிரத்து இருநூறு பறவைகள் வெள்ளைக் கண்ணோடு இருந்தன. அத்தனையும் ரிஜெக்ட். வேறு துணி வெட்டி, வேறு பிரிண்ட் போட்டு, கப்பல் கிளம்பும் முன் சரக்கை ஏற்றிவிட்டார்கள். ஒதுக்கிய சட்டைகளை லேபிள் வெட்டி, கழிவுச் சரக்கு விற்கும் காதர்பேட்டைக் கடைகளுக்குத் தள்ளினார்கள்.

நடந்ததைக் கேள்விப்பட்ட பையரிடமிருந்து பத்து நாளில் கடிதம் வந்தது. ஜெனரல் மேனேஜர் தண்டாயுதபாணி அதை மைக்கில் தமிழாக்கி வாசித்தார். பறவையின் கண்ணைக் கவனித்த அந்தக் கண்கள் அந்தப் பறவையை நேரில் பார்க்க வேண்டும், அந்தத் தொழிலாளியையும் அவர் விரும்பும் துணை ஒருவரையும் மழைக்காட்டுக்கு அழைத்துப் போங்கள், செலவு எங்களுடையது என்று எழுதியிருந்தார்கள். முந்நூறு பேர் கை தட்டினார்கள். விஜயராணி தட்டவில்லை. ஒரே சட்டைக் கட்டைப் பாதியாகப் பிரித்துத்தான் இருவரும் பார்த்தார்கள். மேல்பாதி சாமியாத்தாள் பக்கம் வந்தது, கீழ்ப்பாதி இவள் பக்கம் வந்தது. கீழ்ப்பாதி எடுத்தவளுக்கு மழைக்காடு இல்லை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் நான்கு பேரிடம் கேட்டாள். மறுநாள் மதியம் குழம்புக் கிண்ணத்தை மூடியே வைத்திருந்தாள்.

சாமியாத்தாளுக்கோ சிவப்புக் கண்ணும் இமை முடியும்தான் நினைவு. நாலாயிரம் தடவை விரலால் தடவிப் பார்த்த முகம் அது. சொந்தக்காரரில்கூட அத்தனை நெருக்கமாக அவள் யார் முகத்தையும் பார்த்ததில்லை. அது உயிரோடு எங்கேயோ ஒரு மரத்தில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும் என்று எண்ணும்போது, கல்யாணம் பேசிவைத்த பெண் மாதிரி அவளுக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. துணைக்கு விஜயராணியைத்தான் கூட்டிப் போவது என்று முடிவும் பண்ணியிருந்தாள். அதை வாய்விட்டுச் சொல்வதற்குள் கம்பெனி ஒரு குழு போட்டுவிட்டது.

‘மழைக்காடு மற்றும் வனவிலங்குச் சுற்றுலாத் திட்டமிடல், கண்காணிப்பு மற்றும் ஒப்புதல் குழு.’ தலைவர் தண்டாயுதபாணி. செயலாளர், ஆள் விவகாரம் பார்க்கும் ஹெச்ஆர் மேனேஜர் பிரபாகர். சாமியாத்தாள் சிறப்பு அழைப்பாளர். சிறப்பு அழைப்பாளர் என்பதால் கதவோரம் நிற்க வைத்தார்கள்.

துணையை அவளே சொல்லலாம் என்று கடிதத்தில் இருப்பதை அவள் நினைவுபடுத்தினாள். விருப்பம் என்பது தனிமனித முடிவு, கம்பெனியில் எல்லாம் முறைப்படி நடக்கும் என்றார் பிரபாகர். மூன்று பக்க விண்ணப்பப் படிவம் அச்சானது. ‘காட்டில் முன் அனுபவம் உண்டா? உண்டு எனில் எத்தனை ஆண்டுகள்?’ என்று அதில் ஒரு கேள்வி. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நிரப்பிக் கொடுத்தார்கள். விஜயராணியும் கொடுத்தாள், எதிரில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். சாமியாத்தாள் வாயைத் திறந்து துணையாகத் தன் பெயரைச் சொல்லவில்லை என்பது விஜயராணியின் கோபம். சொல்லத்தான் வாய் திறந்தேன் என்பது இவள் ஆதங்கம். நடுவில் மேசை இருந்தது.

அடுத்து எந்தக் காடு என்ற விவாதம். சாமியாத்தாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ஏனுங்க சார், வால்பாறையிலயே இந்தப் பறவை இருக்குதுன்னு சொல்றாங்க. பொள்ளாச்சி போயி பஸ் மாறுனா மத்தியானத்துக்குள்ள போயிரலாமுங்க.”

தண்டாயுதபாணி மடத்துக்குளத்துக்காரர். அவர் வீட்டு மொட்டைமாடியில் காலையில் பல் விளக்கினால் எதிரே வால்பாறை இருக்கும் ஆனைமலைத் தொடர்தான் தெரியும். பிறந்ததிலிருந்து தெரிகிற மலையை மதிக்க அவருக்கு மனம் வரவில்லை.

“நாம் எக்ஸ்போர்ட் கம்பெனி,” என்றார் அவர். “பஸ் போகிற காடெல்லாம் லோக்கல் காடு. டிக்கெட் எடுத்தவன் எல்லாம் பார்த்துவிடுகிறான். அதில் என்ன தரம் இருக்க முடியும்? பையர் நம் தொழிலாளிக்கு ஒரு காடு தருகிறார் என்றால், அது இமிகிரேஷன் தாண்டிப் போகிற காடாக இருக்க வேண்டும். தொழிலாளியின் கௌரவத்தில் நான் ஒருபோதும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.”

கடல் தாண்டிய போர்னியோத் தீவு என்று தீர்மானமாயிற்று. தொழிலாளியின் கௌரவம் கதவோரம் கால் மாற்றி நின்றது.

இங்கேதான், கண்ணுகளா, எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அவர்களுக்கு வந்தது. திருப்பூரில் எந்த வேலையையும் நேராகத் தொடங்க மாட்டார்கள். முதலில் ஒரு சாம்பிள். அது சரி என்றால் அளவு பார்க்க ஒரு சாம்பிள். அப்புறம் எல்லா சைஸிலும் ஒன்று. கடைசியாக, பெரிய ஓட்டத்துக்கு முன் இன்னொன்று. எல்லாம் ஒப்புதலான பிறகுதான் பல்க், அதாவது மொத்தச் சரக்கு. முப்பது வருடமாக இந்த வரிசையில் நடந்து பழகிய குழு, சுற்றுலாவையும் ஓர் ஆர்டராகவே பதிவு செய்தது. சாமியாத்தாளும் துணையும் போவது பல்க். சாம்பிள் ஒப்புதல் ஆகாமல் பல்க் ஓட்ட முடியுமா? முடியாது. ஆகவே சாம்பிள் போக வேண்டும். யார் போவது? ஒப்புதல் கொடுக்கிறவர்கள்தான்.

பங்குனியில் முதல் சாம்பிள் போயிற்று. தண்டாயுதபாணியும் பிரபாகரும். காடு என்று ஒன்று இருக்கிறதா என்று பார்த்து வருவது நோக்கம். சட்டைத் துணியின் பச்சை காட்டின் பச்சையோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்க, கலர் அட்டையையும் எடுத்துப் போனார்கள். இலைக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு தண்டாயுதபாணி நிற்கிற போட்டோ கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பிரபாகர் ஒரு பிளாஸ்டிக் பையில் பன்னிரண்டு இலைகளை ஊருக்கே கொண்டுவந்துவிட்டார். நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதற்குள் இலைகள் பழுப்பாகிவிட்டன. ‘காட்டில் சாயம் நிற்கவில்லை, மறு சாம்பிள் தேவை’ என்று அறிக்கையில் எழுதினார்கள். பறவை என்ற கட்டத்தில் ‘ஸ்டாக் இல்லை’ என்று இருந்தது.

திங்கள்கிழமைக் கூட்டத்தில் தண்டாயுதபாணி கலங்கிய குரலில் பேசினார்.

“அங்கே அட்டை கடிக்கிறது. ரத்தம் நிற்காமல் போகிறது. அந்த அட்டை என் தொழிலாளியைக் கடிக்கக் கூடாது என்றுதான் நாங்கள் முன்கூட்டியே கடி வாங்கி வந்திருக்கிறோம்.”

பிரபாகர் பேண்ட்டைச் சற்றே உயர்த்தி, கணுக்காலில் இருந்த தழும்பை வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு நடந்தார். ஐம்பது காசு அளவுக்கு ஒரு வட்டம். சாமியாத்தாள் அதைப் பார்த்தாள். முதல் தடவையாக அவளுக்கு வயிற்றுக்குள் அடுப்புப் பற்றியது. நியாயமாகப் பார்த்தால் அது அவள் காலில் இருக்க வேண்டிய கடி. அவளுக்கென்று வந்த அட்டை. அதை வேறொருவர் வாங்கிக்கொண்டு வந்து ஊரெல்லாம் காட்டுகிறார்.

சித்திரையில் அளவு சாம்பிள். துணை யாரென்று முடிவாகாவிட்டாலும் பெண் என்பது முடிவாகிவிட்டது. இரண்டு பெண்கள் தங்கப் போகிற அறையில் இரண்டு பெண்கள் சரியாகப் பொருந்துவார்களா என்று தெரிய வேண்டும். அதற்கு ஆண்கள் போய் என்ன பயன்? ஆகவே தண்டாயுதபாணியின் மனைவியும் பிரபாகரின் மனைவியும் போனார்கள். அவர்கள் பொருந்துகிறார்களா என்று குறித்துக்கொள்ளக் கணவன்மார் போனார்கள். கட்டில் சரியாக இருந்தது, தலையணை ஓர் அங்குலம் கூடுதல், திருத்தம் தேவை என்று அறிக்கை வந்தது. பறவை, ஸ்டாக் இல்லை.

அன்றைக்கு வந்த போட்டோவில் பிரபாகரின் மனைவி ஒரு தொங்குபாலத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள். சாமியாத்தாள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். சிரிப்பைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த மரத்தில் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் கிளை கிளையாகத் தேடினாள். நிமிர்ந்தபோது எதிரே விஜயராணியும் தன் போனில் அதே மரத்தில் விரலை வைத்திருந்தாள். இருவரும் சட்டென்று குனிந்துகொண்டார்கள்.

வைகாசியில் சைஸ் செட். பெயரிலேயே தெரிகிறது, எல்லா சைஸும் போயாக வேண்டும். சிறிய சைஸுக்குத் தண்டாயுதபாணியின் பேரன், நடு சைஸுக்கு மகள், பெரிய சைஸுக்கு மாப்பிள்ளை, அதற்கும் பெரியதற்கு அவரே, அதற்கும் மேலே அவர் மாமியார். பள்ளி விடுமுறை முடிவதற்குள் சோதனை முடிய வேண்டும் என்பதால் இதை மட்டும் அவசர ஆர்டராக ஓட்டினார்கள்.

திரும்பி வந்ததும் சாமியாத்தாள் அவர் அறைக்கே போனாள். எப்போதுங்க நாங்க போறது என்று கேட்டாள். அவர் அவளை அன்போடுதான் பார்த்தார். அவள் என்ன சைஸ் என்று கேட்டார். நடு சைஸ் என்றாள்.

“அப்புறம் என்னம்மா?” என்றார் தண்டாயுதபாணி. “உங்கள் சைஸில்தான் என் மகள் போய்விட்டு வந்துவிட்டாளே. எல்லாம் சரியாக இருந்தது. நீங்கள் போனதற்குச் சமானம்.”

அந்தச் சொல் அவளுடைய நெஞ்சில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டது. மேசைக்குத் திரும்பி வந்து சட்டை விரிக்கும்போதும் அதே சொல். அந்த மகளை அவளுக்கு நன்றாகத் தெரியும், தங்கமான பெண்தான். இருந்தும், தன் உடம்பின் அளவை எடுத்துப் போட்டுக்கொண்டு வேறொருத்தி காட்டைச் சுற்றிவிட்டு வந்த மாதிரி இருந்தது. அன்று அவள் ஒட்டிய அம்புகள் எல்லாம் கொஞ்சம் அழுத்தமாகவே ஒட்டின.

ஆனியில் கடைசிச் சாம்பிள் போயிற்று. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹெச்ஆர் முழுவதும் போயிற்று. மழை பெய்கிறது, ஆகவே மழைக்காடுதான் என்று உறுதி செய்துகொண்டு, துணிக்கடைப் பைகளோடு திரும்பி வந்தது. பறவை, ஸ்டாக் இல்லை.

ஆடி பிறந்தது. பையர் ஒரு வரி எழுதியிருந்தார். அந்தத் தொழிலாளி பறவையைப் பார்த்த போட்டோவுக்காகக் காத்திருக்கிறோம்.

குழு அவசரமாகக் கூடியது. பல்க் ஓட்ட நாள் இல்லை, செலவும் முடிந்துவிட்டது, சீசனும் போய்விட்டது என்று கண்டுபிடித்தது. போட்டோ மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை மதியம் சாமியாத்தாளைக் குடோனுக்குக் கூப்பிட்டார்கள்.

அங்கே ஒரு காடு தயாராக இருந்தது. அதே ஆர்டரில் மிஞ்சிய பச்சைத் துணியைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். முன்வாசல் பூந்தொட்டிகள் எட்டும் வரிசையாக நின்றன. மேலே ஒரு குழாயில் காகித அட்டையில் வெட்டிய இருவாச்சி கட்டப்பட்டிருந்தது. ஒருவர் தோட்டத்து ரப்பர் குழாயைப் பிடித்து மழையாக நின்றார். சாமியாத்தாளுக்கு ஒரு மழைக்கோட்டை மாட்டிவிட்டு, முகத்தில் கொஞ்சம் ஆச்சரியம் வேண்டும் என்று பிரபாகர் கேட்டுக்கொண்டார். ஆச்சரியத்துக்குக் குறைவில்லை.

போட்டோ எடுத்ததும் தண்டாயுதபாணி ஒரு தாளை நீட்டினார். ‘மழைக்காட்டில் இருவாச்சிப் பறவையை நேரில் பார்த்தேன். மிக்க மகிழ்ச்சி அடைந்தேன்.’ கீழே கையெழுத்துக்குக் கோடு.

பாருங்கள், அவளுடைய காடு முழுக்க அந்தக் கோட்டின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. போட்டுவிட்டால் அவள் பார்த்தவள். இனிமேல் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அவள் தாளை வாங்கவில்லை. மழைக்கோட்டின் உள்ளே கையை விட்டு, எந்நேரமும் இடுப்பில் இருக்கும் அம்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். தொட்டிகளைத் தாண்டிப் போய், அட்டைப் பறவையின் வயிற்றுக்குக் கீழே ஓர் அம்பு ஒட்டினாள்.

“இதுக்குக் காலு இல்லீங்க,” என்றாள்.

சட்டையில் வயிறு வரைக்கும்தான் பிரிண்ட் என்பதால், அதைப் பார்த்து வெட்டிய பறவைக்கும் கால் இல்லை. அதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. பிறகு பச்சைத் துணியில் ஓர் அம்பு. பூந்தொட்டியில், பிளாஸ்டிக் என்று தெரிந்த செடிக்கு ஓர் அம்பு. மழைக்கு எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் ரப்பர் குழாயில் ஒட்டினாள்.

“பார்க்காம பாஸ் போடாதேன்னு நீங்கதானுங்க எழுதி மாட்டியிருக்கறீங்க. பார்த்துட்டுப் போடறனுங்க சார்.”

தண்டாயுதபாணி குரலை உயர்த்தவில்லை. திங்கள்கிழமை காலை பத்து மணிக்குள் கையெழுத்து வராவிட்டால், தொழிலாளி தாமாகவே பயணத்தை மறுத்துவிட்டார் என்று எழுதி ஆர்டரை மூடிவிடுவோம் என்றார். தாளை மடித்து அவள் கையில் வைத்தார்.

நனைந்த சேலையோடு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். நாலு மாதமாகப் பேசாத விஜயராணி தன் துண்டை எடுத்து மேசைக்கு மேலாகத் தள்ளினாள். சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“எனக்கு உன் மேலதான்க்கா காந்தல். இல்லேங்கல. ஆனா அவய்ங்க நாலு தரம் போயிட்டு வந்ததுல, உன் மேல பொறாமப்படவே நேரமில்லாமப் போச்சு. பொள்ளாச்சிக்கு பஸ்ஸு ஓடுதுல்ல?”

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பினார்கள். தூக்குப்போசியில் கருவாட்டுக் குழம்பு இருந்தது. பொள்ளாச்சியில் பஸ் மாறி, ஆழியாறு தாண்டி, மலை ஏறியது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதிலேயே விஜயராணி சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள். போர்னியோவுக்கு வளைவே கிடையாதாம், நேராக மேலே ஏறி நேராக இறங்குவார்களாம் என்று சாமியாத்தாள் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். அந்த நிலையிலும் இருவருக்கும் கொஞ்சம் எரிந்தது.

மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டாப்பில் நடத்துநர் இறக்கிவிட்டார். சாரல். ரோட்டோரம் தேயிலை, அதற்குப் பின்னால் கருப்பாகக் காடு. அங்கே ரோடு கடக்கும் குரங்குகளுக்காக வண்டிகளை நிறுத்திக்கொண்டு வனத்துறைக் காவலர் ஒருவர் நின்றார். பெயர் ராஜவேல், ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் பைனாகுலர். பறவை பார்க்க வேண்டும் என்று இவர்கள் சொன்னதும் எந்தப் பறவை என்று கேட்டார். சாமியாத்தாள் பையிலிருந்து தாளை எடுத்து, எழுதியிருந்ததைக் காட்டினாள். அவர் படித்துவிட்டு, இன்னும் பார்க்கவே இல்லையே என்றார். அதற்காகத்தான் வந்தோம் என்றாள். ரோட்டுக்குக் கீழே நின்ற ஓர் அத்திமரத்தைக் காட்டி, அதன் எதிரே சுவரில் உட்காரச் சொன்னார்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. அட்டைதான் வந்தது. சாமியாத்தாளின் கணுக்காலில் ஏறிக் கடித்தது. விஜயராணி பிடுங்கப் போனபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். அது குடித்து முடித்துத் தானாக விழும் வரை பார்த்துக்கொண்டு இருந்தாள்.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. அயர்னிங் டேபிளில் ஸ்டீம் விடுவார்களே, அந்தப் பெருமூச்சு. புஸ், புஸ் என்று மேகத்துக்குள்ளிருந்து வந்தது. அது சிறகடிக்கிற சத்தம். கருப்பும் வெள்ளையுமாக இரண்டு பறவைகள் அத்திமரத்தில் இறங்கின. கிளை தாழ்ந்து நிமிர்ந்தது.

ராஜவேல் கழற்றிக் கொடுத்த பைனாகுலரைச் சாமியாத்தாள் கண்ணில் வைத்தாள். மஞ்சள் அலகு. கவிழ்த்த படகு. சிவப்புக் கண். மை எழுதியது போல இமை முடி. எல்லாம் சாம்பிளில் இருந்தபடியே இருந்தது. நாலாயிரம் தடவை தடவிய முகம், ஒரு பழத்தை மேலே தூக்கிப் போட்டு விழுங்கியது. அவளுக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு அடுத்த பறவைக்குத் திருப்பினாள்.

அதற்குக் கண் வெள்ளை.

கை தானாக இடுப்புக்குப் போனது. அம்புச் சுருளை எடுக்கத்தான், வேறெதற்கு? பதினோரு வருடப் பழக்கம். இதுக்குக் கண்ணுல கலரு விழலீங்களே என்று ராஜவேலிடம் கேட்டாள்.

“விழாம என்னுங்கம்மிணி? செவப்புக் கண்ணு ஆணுங்க. வெள்ளைக் கண்ணு பொண்ணு. அது அப்படித்தானுங்க பொறக்கறது.”

அவள் பைனாகுலரை மெதுவாக இறக்கினாள். இடுப்புக்குப் போன கையையும் எடுத்தாள். என்னக்கா என்று விஜயராணி உலுக்கினாள்.

“ஆறாயிரத்து இருநூறு, புள்ள,” என்றாள். “அத்தனையும் பொம்பளைங்க. அத்தனைக்கும் நாம அம்பு ஒட்டியிருக்கறோம்.”

விஜயராணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. ராஜவேல் போனை வாங்கி, பைனாகுலரின் ஒரு கண்ணில் பொருத்தி ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தார். வெள்ளைக் கண் பறவை, இமை முடி தெரிய, நேராகப் பார்த்தது. மழை வலுக்குமுன் மூவரும் சுவரிலேயே உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள். இறங்கும்போது, கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் விஜயராணி அந்தப் போட்டோவைப் போட்டுவிட்டாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்குச் சாமியாத்தாள் தாளை மேசை மேல் வைத்தாள். கையெழுத்து இருந்தது. கையெழுத்துக்கு மேலே தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தாள். ‘பார்த்த இடம் வால்பாறை. ஒன்றுக்குக் கண் சிவப்பு, ஒன்றுக்கு வெள்ளை.’

தண்டாயுதபாணி தாளைப் பார்க்கவில்லை. அவர் கையில் போன் இருந்தது. அந்தப் போட்டோவைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதுமாக இருந்தார். மூன்று முறை கடல் தாண்டியவர் முகத்தில் ஓடிய நிறத்தைச் சாமியாத்தாள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். நாலு மாதமாகக் கண்ணாடியில் பார்த்த நிறம்தானே.

எந்த ரிசார்ட் என்று கேட்டார். பஸ் ஸ்டாப்புங்க என்றாள். பிரபாகரைக் கூப்பிட்டு, சாம்பிள் சட்டையை எடுத்து வரச் சொன்னார். சட்டையையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் குனிந்து பார்த்தார்கள். கடைசியில் தண்டாயுதபாணி நிமிர்ந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது.

“கண் சிவப்பாக இல்லை,” என்றார். “இது ரிஜெக்ட் பறவை.”

அது பெண் பறவை என்றும், சட்டையில் ஒதுக்கியவையும் தப்பில்லை என்றும், ஒதுக்கியதுதான் தப்பு, அதில் தனக்கும் பங்கு உண்டு என்றும் அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். முத்திரை வைத்த சாம்பிளோடு ஒரு பறவை ஒத்துப் போகவில்லை என்றால், திருத்திக்கொள்ள வேண்டியது பறவைதான் என்று விளக்கினார். சாம்பிளைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் திருப்பூர் என்னாவது என்று கேட்டார். குழுவின் முன் அனுமதி இல்லாமல் பறவையைப் பார்த்ததற்காக அவளுக்கு மெமோ கொடுப்பதென்று தீர்மானமாயிற்று. ஆனால் பறவையைப் பார்த்ததற்கு இதற்குமுன் மெமோ கொடுத்ததில்லை. ஆகவே மாதிரி மெமோ ஒன்று அடித்து ஒப்புதலுக்கு அனுப்பினார்கள். அது இன்னும் ஒப்புதல் ஆகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மறு ஆய்வு என்ற பெயரில் தண்டாயுதபாணி குடும்பத்தோடு காரில் வால்பாறை போனார். கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, அத்திமரத்துக்கு எதிரே மூன்று மணி நேரம் நின்றார்களாம். ராஜவேல் வந்து, இறங்கி உட்காருங்க சார் என்றாராம். அட்டை இருக்குமே என்றாராம் இவர்.

அந்த வாரம் அதே பறவைச் சட்டைக்கு மறு ஆர்டர் வந்திருந்தது. புதன்கிழமை மதியம் மெஷின்கள் நின்ற சாப்பாட்டு நேரத்தில், அவர் மைக் இல்லாமல், பிரபாகர் இல்லாமல் செக்கிங் மேசைக்கு வந்தார். சட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயிலிருந்து கம்பெனித் தமிழ் போய், மடத்துக்குளம் வந்துவிட்டது.

“ஏனுங்க சாமியாத்தா,” என்றார் தாழ்ந்த குரலில். “நெசமாலுமே அதுக்குக் கண்ணுக்கு மேல முடி இருக்குதுங்களா? எனக்கு ஒரே ஒரு தடவ பார்த்தாப் போதுமுங்க.”

அவளுக்கு ஒரு கணம் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கொக்கி இன்னும் நெஞ்சில் இருந்தது.

“அதான் நான் போயிட்டு வந்துட்டனுங்களே சார்,” என்றாள். “நீங்க போனதுக்குச் சமானமுங்க.”

எதிரே விஜயராணி குழம்புக் கிண்ணத்தைத் திறந்தாள். சாமியாத்தாள் கையிலிருந்த சட்டையை விரித்தாள். அதிலிருந்த பறவைக்குக் கண் வெள்ளை. தண்டாயுதபாணி பார்த்துக்கொண்டிருக்கவே, அதை நீவி மடித்து, பாஸ் அடுக்கில் வைத்தாள்.